பிளானில் இல்லாத கிணறு

எங்களுடையது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக அரை ஏக்கர். போருக்குப் பிறகு இந்திய அரசு உதவிய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் கட்டிய சின்ன வீடு பிள்ளைகள் வளர்ந்ததும் போதவில்லை. பின்னுக்கு ஒரு கல்வீடு போட யோசித்தோம். பிரதேச சபை அனுமதித்த பிளான் இல்லாமல் கடன் இல்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் நானும் மேசனைக் கூப்பிட்டு நூல் பிடித்திருப்பேன்.

பெர்மிட் அப்பாவின் பேரில் இருந்ததால் முதலில் பிரதேச செயலகத்துக்கு நாலு நடை. அதை எழுதினால் இந்தப் பதிவு முடியாது.

பிளான் கீறியவர் காணிப்பக்கமே வரவில்லை. நில அளவைப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி மூன்றே நாளில் கீறித் தந்தார். முற்றத்தில் பூச்சாடிகூட இருந்தது. மலிவாக முடிந்ததே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். வீட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மலசலகூடக் குழி வரும் மூலையில் நின்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அது ஆற்ற கிணறு?"

பக்கத்து வீட்டு அக்காவின் கிணறு. பிளானில் அது இல்லை. டேப்பின் ஒரு நுனியை அக்காவே கிணற்றுக்கட்டில் பிடித்தா. குழி வரும் இடத்துக்கு 34 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டுமாம்.

"தம்பி, கோடையில நீங்களும் இதிலதானே அள்ளுறனீங்கள்" என்றா அக்கா. சிரிப்போடுதான் சொன்னா, எனக்குத்தான் முகம் கறுத்துவிட்டது.

குழியை மற்றப் பக்கம் நகர்த்தினால் வாய்க்காலுக்கென்று ஒதுக்கி விட்ட காணி, அதில் வெட்ட முடியாது. மிஞ்சியது முன்பக்கம், ரோட்டோர மூலை. வாசலில் குழியா என்று அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை.

சபையில் பதிந்த வேறொரு படவரைஞரைப் பிடித்தேன். காசு இரண்டு மடங்கு. ஆனால் மனிசன் வெயிலுக்குள் நின்று சுற்றுவட்டக் கிணறுகளை எல்லாம் குறித்து, வீட்டையே திருப்பிப் போட்டுக் கீறினார். குளியலறை முன்பக்கம் வந்தது, சமையலறை வாய்க்கால் பக்கம் போனது. அப்புறம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்த்தார், அனுமதி கிடைத்தது. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் முடியாவிட்டால் நீடிக்க வேண்டும். முடிந்த பிறகு குடிபுகு சான்றிதழும் எடுக்க வேண்டும்.

மேசனிடம் என்.வீ.கியூ. என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். "உங்கட பழைய வீட்டைக் கட்டினதே நான்தானே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

குழி வெட்டிய அன்று அக்கா வேலியடிக்கு வந்தா.

"அளந்து பாத்தனீங்களோ?"

அளந்தோம். 71 அடி.