மூன்று காலண்டர் ஓடும் வீடு

நவம்பர் 24, ஞாயிறு

கோட்டாறு சவேரியார் கோயிலில் இன்று கொடியேற்றம். பத்து நாள் திருவிழா. டிசம்பர் 3 அன்று குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்று பிள்ளைகள் காலையிலிருந்து ஒரே குதியாட்டம். எனக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. உள்ளூர் விடுமுறை அறிவிப்பில் கடைசியாக ஒரு வரி வரும்: 'இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வராது.' பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை. பள்ளிக்கூடம் கிடையாது, பேங்க் உண்டு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நான் அன்றைக்கு மார்த்தாண்டத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன்.

இவருக்கு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. தீபாவளியானாலும் டூட்டி சார்ட் சொல்வதுதான். ஆக வீட்டில் மூன்று காலண்டர். மூன்றும் ஓடுவது என் தலைக்குள். யாரைக் கேட்டாலும் காலை நாலு மணிக்கு எழுந்திரு, நேரம் கிடைக்கும் என்கிறார்கள். எழுந்து பார்த்தாயிற்று. நாலு மணிக்கும் சேர்த்து வேலை வந்துவிடுகிறது.

சாயங்காலம் தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்து வைத்தேன். இதில் அவசரம் ஆகாது. சின்ன உள்ளியும் கறிவேப்பிலையும் சேர்த்து, தீயைக் குறைத்து, கை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதலில் ஈரம் போகும், பிறகு மணம் வரும், அப்புறம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்போது மல்லித்தூளும் வத்தல்தூளும் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் கசப்பு. பச்சைத் தேங்காய் அரைப்பு மறுநாளே புளித்துவிடும். இது ஈரம் வற்ற வறுத்ததால் பிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். வேலைநாளில் புளியைக் கரைத்து, இதை அரைத்து ஊற்றினால் இருபது நிமிஷத்தில் குழம்பு. "அன்னன்னைக்கு வறுத்தாத்தான் ருசி மக்களே" என்கிறார் மாமி. ருசிதான். யார் வறுப்பது?

நவம்பர் 26, செவ்வாய்

பேங்கில் உயிர்வாழ் சான்றிதழ் கூட்டம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் அதற்கான மாதம். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். இப்போது வீட்டிலிருந்தபடி கைபேசியில் முகத்தைக் காட்டியும் முடித்துவிடலாம். ஆனாலும் கடைசி வாரத்தில், குடையும் நனைந்த பாஸ்புக்குமாக நேரில்தான் வருகிறார்கள். வந்தால்தானே நாலு பேரைப் பார்த்துப் பேச முடியும், அதையும் குறை சொல்ல முடியாது.

ஆறரைக்குத் தக்கலை வீட்டில் இருப்பேன் என்று நான் போடும் திட்டமெல்லாம் அழகியமண்டபம் வரைக்கும்தான். அங்கே பஸ் நின்றுவிட்டால் சின்னவனின் கணக்கு வீட்டுப்பாடமும் நின்றுவிடும்.

நவம்பர் 28, வியாழன்

மழை. துணி காயவில்லை. ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்கு என்று நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். யூனிபார்மை உலர்ந்த துவர்த்தில், அதாவது துண்டில், சுருட்டி, முறுக்கிப் பிழிந்துவிட்டு மின்விசிறிக்குக் கீழே போட்டால் காலைக்குள் முக்கால்வாசி காயும். மீதி அயர்ன் பாக்ஸ்.

டிசம்பர் 1, ஞாயிறு

நகைக்கடைக் காலண்டரைச் சாமி படத்துக்குக் கீழிருந்து எடுத்து அடுக்களை வாசலில் மாட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் என் பேங்க் சிவப்பில், பள்ளிக்கூடம் பச்சையில், இவர் டூட்டி நீலத்தில். அரையாண்டுப் பரீட்சை, கேஸ் பதிய வேண்டிய நாள், மாமியின் மாத்திரை தீரும் நாள் எல்லாம் பென்சிலில். மூத்தவளின் கையெழுத்து அழகு, அவளையே எழுதச் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி இவர் அதன் முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். "மூணாம் தேதி நீயும் இல்ல, நானும் இல்ல. அம்மையும் கருங்கல்லுக்குப் போறான்னு போட்டிருக்கு. அப்பம் பிள்ளைகள் எங்க நிக்கும்?"

ஒரு வாரமாக நான் சுமந்துகொண்டிருந்த கேள்வி. பதில் நாக்கு நுனி வரை வந்தது. பேசாமல் அடுத்த வாரத் தீயலுக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி யாருக்கோ போன் போட்டு டூட்டி மாற்றிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் பிள்ளைகளுக்காக அவர் டூட்டி மாற்றியது இல்லை. மாற்ற மாட்டேன் என்று சொன்னதும் இல்லை. மாற்ற வேண்டிய நாள் எது என்பது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

புளி எங்கே என்று கேட்க பதினோரு மணிக்குப் போன். கவுண்டரில் நகைக்கடன் கூட்டம், எடுக்கவில்லை. மறுபடியும் போன். அதையும் எடுக்கவில்லை. அப்புறம் வரவில்லை.

சாயங்காலம் போனால் தீயல் இருந்தது, புளி கொஞ்சம் தூக்கல். அடுப்பு மேடையைப் பற்றி எழுதப் போவதில்லை. மூவரும் கோட்டாறு போய்த் திரும்பியிருந்தார்கள். சின்னவன் கையில் மினுக்கு பம்பரம். வீட்டுப்பாடம்? "அப்பா கேக்கல்ல."

அதையும் காலண்டரில் எழுத வேண்டும் போல.

டிசம்பர் 14, சனி

மூன்றாம் தேதி லீவுக்கு ஈடாக இன்றைக்குப் பள்ளிக்கூடம். இரண்டாம் சனி, ஆகவே பேங்க் கிடையாது. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொண்டதை இரண்டாம் சனி திருப்பிக் கொடுத்தது. இவர் டூட்டிக்குப் போய்விட்டார்.

அரிசி டப்பாக்களைக் கழுவலாம் என்றுதான் முந்தைய நாள் நினைத்தேன். புட்டும் மட்டிப் பழமும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன். பத்து மணிக்கு மாமி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "என்ன பிள்ளே, காய்ச்சலா?"

"இல்ல மாமி, சும்மா கிடக்கேன்."

நம்பவில்லை. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நல்லதுதான், குடித்தேன்.

அடுத்து சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு ஓர் உள்ளூர் விடுமுறை வரும். அதற்கும் பேங்க் உண்டு. இவரிடம் இப்போதே சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். காலண்டரில் தேர் என்று எழுதி, பக்கத்தில் நீலத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. அவர் கையெழுத்து.

அரிசி டப்பா அடுத்த வாரம்.