இழுவையும் மைலேஜும்

தீபாவளிக்கு மறுநாள் காலை, மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் கூட்டப் போனபோது, தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் பற்றாத ராக்கெட் ஒன்று கிடந்தது. இரவு தூறிய மழையில் அதன் திரி நமுத்துப் போயிருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் அதைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “ஏன் தாத்தா, அப்பல்லோ மூணு நாள்ல நிலாவுக்குப் போயிருச்சாம்ல? நம்ம சந்திரயான் மட்டும் ஏன் நாப்பது நாளு சுத்திச் சுத்திப் போச்சு? நம்ம எஞ்சினுக்கு இழுவை பத்தலையா?”

பாலிடெக்னிக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திரவியல் கற்பித்தவன் என்பதால், ‘இழுவை’ என்று அவன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் எவரும் இரண்டு விஷயங்களை விசாரிப்பார்: இழுவை எப்படி, மைலேஜ் எவ்வளவு. விண்வெளி எஞ்சின்களிலும் அடிப்படையான கேள்விகள் இவைதான். இழுவைக்கு அங்கே உந்துவிசை என்று பெயர். அதை நியூட்டனில் அளக்கிறார்கள். மைலேஜுக்கு உரிய அளவைத் தன்கணத்தாக்கு என்கிறார்கள். ஒரு கிலோ எரிபொருளைக் கொண்டு ஒரு கிலோ எடையைத் தாங்கும் விசையை எத்தனை வினாடிகள் தரமுடியும் என்பதே அந்த அளவு. இழுவை, மைலேஜ் இரண்டும் ஒருசேர உச்சத்தில் அமைந்த எஞ்சின் எதுவும் இன்றுவரை விண்ணுக்குப் போனதில்லை.

ராக்கெட்டை வாளித் தண்ணீரில் நனைத்துவிட்டு, நீளவாக்கில் பிளேடால் கீறி அவனுக்குக் காட்டினேன். (வீட்டில் யாரும் காய்ந்த வெடியில் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.) இறுகச் சுற்றிய காகிதக் குழல், அடியில் களிமண் அடைப்பு, அதன் நடுவே சிறு துளை, உள்ளே வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து இடித்த கருமருந்து. சிவகாசிக்காரர்களின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால், மருந்தை முழுக்க அடைக்காமல் நடுவில் கூம்பாக ஒரு குழிவை விட்டிருப்பதில் இருக்கிறது. தீ அந்தக் குழிவின் சுவர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றுவதால், வாயு மொத்தமாகத் துளை வழியே சீறி, முதல் நொடியிலேயே ராக்கெட்டைக் கிளப்பிவிடுகிறது. சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கமும் நின்ற எஸ்200 என்னும் திட எரிபொருள் உந்திகளிலும் நடுவே இப்படி ஒரு வெற்றிடம் உண்டு. அதன் ஒரு பகுதி நட்சத்திர வடிவில் வார்க்கப்பட்டிருக்கும். கருமருந்துக்குப் பதிலாக அலுமினியத் தூள் கலந்த ரப்பர் போன்ற எரிபொருள், ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல்! இழுவையில் அவற்றை மிஞ்ச அந்த ராக்கெட்டில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றும் உச்சத்தில் ஏறத்தாழ 5,000 கிலோநியூட்டன் தரும். ஆனால் மைலேஜ் சுமார் 275 வினாடிதான். பற்ற வைத்தபின் நிறுத்தவும் முடியாது.

மைலேஜ் ஏன் இவ்வளவு முக்கியம்? “கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்று எங்கள் வீட்டில் பாட்டி சொல்வார். விமானம் எரிபொருளை மட்டும் சுமந்துகொண்டு, எரிக்கத் தேவையான ஆக்சிஜனை வழிநெடுகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ராக்கெட்டோ ஆக்சிஜனையும் சேர்த்துக் கட்டுச்சோறாகச் சுமக்க வேண்டும். அந்தச் சோற்றைச் சுமப்பதற்கான பலத்துக்கும் மேலும் சோறு கட்ட வேண்டும். ருஷ்யாவின் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்ட சமன்பாடு சொல்வது இதைத்தான். புவியைச் சுற்றும் பாதையை எட்ட, காற்றின் தடையையும் ஈர்ப்பையும் வெல்லும் செலவைச் சேர்த்து, வினாடிக்கு சுமார் 9.4 கிலோமீட்டர் வேகத்துக்கான உந்தல் வேண்டும். எஞ்சினிலிருந்து வாயு வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறினால், கிளம்பும் எடையில் 23 பங்குக்கு 22 பங்கு எரிபொருளாகவே இருக்க வேண்டும். மிஞ்சும் ஒரு பங்குக்குள் தொட்டி, எஞ்சின், செயற்கைக்கோள் எல்லாம் அடங்கியாக வேண்டும். வாயு வேகம் 4.4 கிலோமீட்டராக உயர்ந்தால் இதே கணக்கு எட்டரைக்கு ஏழரை என்று இறங்கிவிடுகிறது. காலியான பாத்திரங்களை வழியிலேயே கழற்றி எறியும் அடுக்கு முறை வந்ததும் இந்தக் கணக்கின் நெருக்கடியால்தான்.

அந்த 4.4 கிலோமீட்டர் வேகத்தைத் தருவது திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின். எல்விஎம்3இன் மேலடுக்கில் உள்ள சிஇ-20 எஞ்சினின் மைலேஜ் ஏறத்தாழ 442 வினாடி. நடு அடுக்கில் உள்ள விகாஸ் எஞ்சினுக்கு 290 சொச்சம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜன் திரவமாக இருக்க −253 டிகிரியும், ஆக்சிஜனுக்கு −183 டிகிரியும் வேண்டும். அந்தக் குளிரில் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகள் சுழலும் பம்புக்கு எந்த கிரீஸ் போடுவது? எந்த கிரீஸும் உதவாது, கல்லாகிவிடும். பேரிங்கைக் குளிர்விக்கும் வேலையை அதன் வழியே ஓடும் உந்துபொருளே பார்த்துக்கொள்ள வேண்டும். லேத் பட்டறை மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும். ருஷ்யாவிடமிருந்து இந்தத் தொழில்நுட்பத்தைப் பெறும் ஒப்பந்தம் அமெரிக்க எதிர்ப்பால் முறிந்து, தயாரான அடுக்குகள் மட்டுமே நமக்கு வந்து சேர்ந்தன. நாமே செய்த முதல் கிரையோ அடுக்கு 2010 ஏப்ரலில் பறந்தபோது ஹைட்ரஜனை ஊட்டும் பம்பு நின்றுபோய்த் தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வென்றது. நாகர்கோவில் பஸ்ஸில் பணகுடியைத் தாண்டும்போது வலப்பக்கம் தெரிகிறதே, அந்த மகேந்திரகிரி மலையடிவாரத்தில்தான் இந்த எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் மலையும் மேகமும் காற்றாலைகளும் மட்டுமே கண்ணில் படும்.

இனி பேரனின் கேள்வி. அப்பல்லோவை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எடை 2,900 டன் அளவு. எல்விஎம்3 வெறும் 640 டன். அந்தப் பெரிய ராக்கெட்டே கலத்தை நிலவுப் பாதையில் தள்ளிவிட்டது. நம்முடையது சந்திரயானைப் புவியைச் சுற்றும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. மிச்ச வேலையைக் கலத்தில் இருந்த 440 நியூட்டன் எஞ்சின் பார்த்துக்கொண்டது. 440 நியூட்டன் என்பது 45 கிலோ மூட்டையைத் தாங்கும் விசை. அது தள்ள வேண்டியிருந்த கலமோ நாலு டன்னுக்குச் சற்றே குறைவு. ஆனால் ‘சுத்திச் சுத்தி’ப் போனதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கலம் எவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை இயக்குகிறோமோ, அதே எரிபொருளுக்கு அவ்வளவு கூடுதலான ஆற்றல் கலத்துக்குச் சேர்கிறது. நீள்வட்டத்தில் புவிக்கு மிக அருகில் வரும் இடத்தில்தான் வேகம் உச்சம். ஊஞ்சல் கீழே வந்து கடக்கும் கணத்தில் தள்ளுவதைப் போல, ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் மட்டும் சிறிது நேரம் தள்ளிவிட்டு எஞ்சினை அணைத்துவிட்டார்கள். 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய கலம், இப்படி ஐந்து முறை தன் பாதையை உயர்த்திக்கொண்டு, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திரும்பியது. என் பார்வையில் இது குறைந்த இழுவையை நாள்கணக்கால் ஈடுகட்டிய சிக்கனம். இதைக் குறைபாடு என்று சொல்லமாட்டேன்.

இந்தச் சிக்கனத்தின் எல்லை வரை போனவை அயனி எஞ்சின்கள். அங்கே எரிப்பதே இல்லை. செனான் வாயுவின் அணுக்களை மின்னேற்றி, மின்புலத்தால் வினாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசுகிறார்கள். 2007இல் கிளம்பி வெஸ்டா என்னும் சிறுகோளையும் செரெஸ் என்னும் குறுங்கோளையும் சுற்றி ஆராய்ந்த நாசாவின் டான் கலத்தில் இருந்த எஞ்சினின் மைலேஜ் 3,100 வினாடி. இழுவையோ உச்சத்தில் 0.09 நியூட்டன்தான். பீரோவிலிருந்து பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்து, பேரனின் உள்ளங்கையில் வைத்தேன். 9 கிராம். அந்த எஞ்சின் தள்ளும் விசை அவ்வளவுதான். நால்வழிச் சாலையில் கார் ஓடும் வேகத்தைக் கூட்டிக்கொள்ள அதற்கு நான்கு நாட்கள் பிடித்தன. ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளி, 425 கிலோ செனானைக் கொண்டு வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தைக் கூட்டிக்கொண்டது. தரையிலிருந்து கிளம்ப இது ஒருபோதும் உதவாது. நாணயத்தின் எடையால் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முடியாதல்லவா? நம் நாட்டில் 2017இல் ஏவிய ஜிசாட்-9 செயற்கைக்கோள் முதன்முதலில் மின் உந்துவிசையை விண்ணில் பயன்படுத்தியது.

ஏவும் இடமும் எரிபொருளைத் தின்னும் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். வட, தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் வழியில் இலங்கை இருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து போவதற்கே எரிபொருள் செலவாகிறது. சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கு இந்த வளைவு பெரும் நஷ்டம். தசராவுக்கு வேடம் கட்டிப் போகிறார்களே, அந்தக் குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான். அதனால்தான் அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.

“அங்கருந்து விட்டா நம்ம மாடில தெரியுமா?” என்றான். வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். திருநகருக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, நேர்க்கோட்டில் 165 கிலோமீட்டர். திருப்பரங்குன்றம் மலை எங்களுக்குக் கிழக்கே இருப்பதால் தெற்குப் பக்கம் மறைப்பில்லை. இரவில் ஏவி, வானமும் தெளிவாக இருந்தால் தெரிய வாய்ப்புண்டு என்றேன். அவன் சாக்பீஸ் எடுத்துவந்து, தெற்குக் கைப்பிடிச் சுவரில் ஓர் அம்புக்குறி போட்டுவைத்தான்.