கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் வழியாக நர்ஸ் ஆனேன்

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் தமிழ்க் குடும்பங்களில் என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் பிறகு தனியாக வந்து "நானும் படிக்கலாமா?" என்று கேட்பார். பெரும்பாலும் ஊரில் பி.இ.யோ பி.காமோ முடித்து, கணவர் விசாவில் வந்து, கிரீன் கார்டு கைக்கு வரும்போது முப்பதைத் தாண்டிவிட்ட பெண்கள். நானும் அப்படித்தான், திருச்சியில் பி.காம் படித்தவள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது அரசின் இரண்டு வருடக் கல்லூரியில், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பாடங்களின் அளவை யூனிட்டில்தான் கணக்கிடுகிறார்கள். மொத்தம் 70 யூனிட் என்று வைத்தாலும் 3,220 டாலர்தான். புத்தகம், யூனிஃபார்ம், ஆன்லைன் பயிற்சித் தேர்வுகள், பார்க்கிங் எல்லாம் தனி. தனியார் கல்லூரிகளில் இதே படிப்புக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் 46 டாலரையும் தள்ளுபடி செய்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்சா என்ற அரசு கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பிவிடுங்கள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணிட்டு, போயும் போயும் நர்ஸுக்கா படிக்கப் போற? அதுவும் ரெண்டு வருஷப் படிப்பு" என்று சித்தி போனில் கேட்டார். எனக்கு வலித்தது. ஆனால் இந்த இரண்டு வருடப் படிப்பு குறுக்கு வழியில் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை இருந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மோன்டாக் இதற்கான திட்டத்தை வகுத்தார். 1952இல் சில கல்லூரிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள். இன்றும் இரண்டு வருடம் படித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு, இருவரும் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) தான்.

'இரண்டு வருடம்' என்பது மட்டும் ஏமாற்றும் கணக்கு. நர்சிங் சேர்வதற்கு முன்பே அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடித்திருக்க வேண்டும். பல காலேஜ்களில் அவற்றுக்கு முன்னால் கெமிஸ்ட்ரி வேறு. இங்கிலீஷ், சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கூடச் சேரும். வேலையும் குழந்தைகளும் இருந்தால் இதற்கே இரண்டு வருடம் ஓடிவிடும். ஊரில் பி.எஸ்சி. படித்தவர்கள் மார்க் ஷீட்டை மதிப்பீடு செய்து காட்டலாம். ஆனால் சயின்ஸ் பாடங்கள் இத்தனை வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. அதை முதலிலேயே காலேஜ் கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கவுன்சிலரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது.

அனாடமியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 206 எலும்பின் பெயரோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றிலும் உள்ள பள்ளம், மேடு, துளை எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. லேப் தேர்வில் மேஜை மேஜையாக எலும்பும் மாடலும் வைத்து, ஏதாவது ஓரிடத்தில் ஊசி குத்தியிருப்பார்கள். கொஞ்ச நேரத்துக்குள் பெயரை எழுதிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். ஸ்பெல்லிங் தப்பினால் மதிப்பெண் குறையும். இந்த இடத்தில் நம் ஊர் மனப்பாடப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. இந்த மூன்று பாடத்தில் வாங்கும் கிரேடுதான் உள்ளே போகும் கதவைத் திறக்கிறது. ஏ வாங்க முடியாத செமஸ்டரில் இரண்டு சயின்ஸ் பாடம் சேர்த்து எடுக்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம் டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. வாசிப்பு, கணக்கு, சயின்ஸ், இங்கிலீஷ் சேர்ந்து 170 கேள்விகள், 209 நிமிடம். சில காலேஜ்கள் கிரேடு, டீஸ், வேலை அனுபவம், வேறு மொழி தெரிவது என்று புள்ளி போட்டு எடுக்கின்றன. சில இடங்களில் தகுதி உள்ளவர்களின் பெயரைப் போட்டுக் குலுக்கல். நன்றாகப் படித்த பிள்ளைகள் குலுக்கலில் வருடக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது நியாயமாகவே படவில்லை. அதனால் ஒரே காலேஜை நம்பி இருக்காமல், ஓட்டிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

இடம் கிடைத்ததும் காகித வேலை குவியும். பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, சி.பி.ஆர். (நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவி) கார்டு, தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனைகள். ஹெபடைடிஸ் பி ஊசியைப் புதிதாகத் தொடங்கினால் வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும், எனவே முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. சிறு வயதில் பி.சி.ஜி. போட்டிருப்பதால், கையில் குத்திப் பார்க்கும் டி.பி. சோதனை நோய் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டலாம். ரத்தத்தில் பார்க்கும் டி.பி. சோதனையை பி.சி.ஜி. பாதிக்காது. அதையே கேட்டு வாங்குங்கள், வீண் எக்ஸ்ரேயும் மனக்கலக்கமும் மிச்சம்.

வகுப்பு தொடங்கியதும் மருந்துக் கணக்குத் தேர்வு. நோயாளி எடை 154 பவுண்டு, மணிக்கு ஒரு கிலோவுக்கு 18 யூனிட் ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பையில் 250 மில்லியில் 25,000 யூனிட் இருக்கிறது. மருந்து ஏற்றும் பம்பில் மணிக்கு எத்தனை மில்லி வைப்பது? 154 பவுண்டு 70 கிலோ, அப்படியானால் மணிக்கு 1,260 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட், விடை மணிக்கு 12.6 மில்லி. கணக்கு எளிதுதான். ஆனால் பல காலேஜ்களில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் வார்டில் மருந்தைத் தொட விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பு சரிதான் என்பேன். புள்ளி ஒரு இடம் தள்ளினால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போகும்.

நான் உண்மையிலேயே திணறியது வேறு இடத்தில். நர்சிங் தேர்வுகளில் நாலு விடையும் சரியாகவே இருக்கும், எது முதலில் என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு, நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு எட்டு. ஒருவருக்குச் சர்க்கரை 250. ஒருவர் நாள்பட்ட நுரையீரல் நோயாளி, ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதம். இன்னொருவருக்குக் காலையில் தைராய்டு ஆபரேஷன் ஆனது, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று புதிதாக ஒரு சத்தம். யாரிடம் முதலில் போவீர்கள்? வலியால் துடிப்பவரிடம் போகத்தான் மனசு சொல்லும். ஆனால் கழுத்து ஆபரேஷனுக்குப் பின் அப்படிச் சத்தம் வந்தால் மூச்சுக்குழாய் அடைபடுகிறது என்று பொருள், ஓட வேண்டியது அங்கேதான். ஆக்சிஜன் 90 பயமுறுத்தும், ஆனால் அந்த நோயில் அது எதிர்பார்த்த அளவு. எதிர்பார்த்தது எது, எதிர்பாராதது எது, எது இப்போதே உயிரை எடுக்கும் என்று யோசிக்கப் பழக வேண்டும். புத்தகத்தை எத்தனை முறை ஒப்பித்தாலும் இது வராது. தினமும் கேள்விகள் போட்டு, மற்ற மூன்று விடைகளும் ஏன் முதலில் வராது என்று தோழியிடம் வாய்விட்டு விளக்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்தச் சமயத்தில் குறிப்பு எழுதுவதைக் குறைத்துவிட்டேன். தேர்ச்சிக்கு 75 சதவீதம் என்று இருக்கும் இடங்களில் 74.9-ஐ 75 ஆக்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளினிக்கல் நாட்களில், அதாவது மருத்துவமனைப் பயிற்சி நாட்களில், விடியுமுன் கிளம்பி, ஏழு மணிக்கு முன் வார்டில் நிற்க வேண்டும். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் குளிப்பாட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது. "இதையெல்லாம் நீ செய்றியா?" என்று வீட்டில் கேட்டார்கள். செய்தேன், மனசாரச் செய்தேன். ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதுதான் முதுகின் கீழே தோல் சிவந்திருப்பது தெரியும். அதை அன்றைக்கே பார்த்துவிட்டால் படுக்கைப் புண்ணைத் தடுக்கலாம், விட்டால் எலும்புவரை போகும். எனக்கு இதைக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். ஒவ்வொரு மாத்திரைக்கும் கைப்பட்டையைப் பார்த்து, பெயரையும் பிறந்த தேதியையும் கேட்பார், காலையிலிருந்து கவனித்துவரும் நோயாளியாக இருந்தாலும் சரி. கலிஃபோர்னியா சட்டப்படி சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்த ஐந்து பேரையே பார்க்க எவ்வளவு ஓட வேண்டும் என்று அருகில் நின்று பார்த்த பிறகு, அந்தச் சட்டத்துக்காகப் போராடிய நர்ஸுகள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

கடைசியாக என்க்ளெக்ஸ், முன்பு சொன்ன அந்த உரிமத் தேர்வு. விரல் ரேகை கொடுத்து, மாநில நர்சிங் போர்டுக்கு விண்ணப்பித்து, தேர்வுக்குத் தனியாக 200 டாலர் கட்டினால் தேதி கிடைக்கும். பதிலுக்கு ஏற்றபடி அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும். 2023 ஏப்ரலில் வந்த புது முறையில் குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, நேரம் ஐந்து மணி. 85இல் நின்றாலும் 150 வரை போனாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பாதியில் கலங்காமல் முன்னால் இருக்கும் கேள்வியை மட்டும் பாருங்கள்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்கிறேன். பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகள் பல பி.எஸ்.என். (நான்கு வருட நர்சிங் பட்டம்) கேட்கின்றன. முதியோர் பராமரிப்பு மையம், டயாலிசிஸ், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்சிங் போன்ற இடங்களில் ஏ.டி.என். (நான் படித்த இரண்டு வருடப் பட்டம்) போதும். நான் முதியோர் மையத்தில் தொடங்கி, ஒரு வருட அனுபவம் சேர்ந்த பிறகு மருத்துவமனை வார்டுக்கு மாறினேன். ஆர்.என். உரிமம் இருந்தால் பி.எஸ்.என்.-ஐ வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம், சில மருத்துவமனைகள் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. எனக்கு அதில் இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது.