டென்ட்ல தங்கப் போறீங்களா, கண்ணுல லென்ஸ் இருக்கா?

போன வாரம் மலைக்காட்டுல ஒரு ஏரிக்கரையில டென்ட் போட்டு தங்கிட்டு வந்தோம், இடத்தைப் பத்தி தனியா எழுதுறேன், இது கான்டாக்ட் லென்ஸ் பத்தி மட்டும். கூட வந்த தங்கச்சியும் நானும் லென்ஸ் போடுறவங்க.

போய் இறங்குன அன்னிக்கு சாயங்காலமே காத்துல தூசி பறந்து அவ கண்ணுல விழுந்துருச்சு. லென்ஸைக் கழட்டி உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஓடைப் பக்கம் நடக்குறா, எங்கடி போறன்னு கேட்டா, "தண்ணி எவ்ளோ தெளிவா இருக்கு பாருக்கா, ஒரு அலசு அலசிட்டு போட்டுக்குறேன்"ங்கறா. ஓடிப்போய் கையைப் பிடிச்சுட்டேன்.

அகாந்தமீபான்னு ஒரு கிருமி இருக்கு, கண்ணுக்கே தெரியாது. மண்ணு, ஆறு, ஏரி, ஏன் குழாய்த்தண்ணியில கூட இருக்கும், சூழல் சரியில்லன்னா தன்னைச் சுத்தி கெட்டியா ஒரு ஓடு கட்டிக்கும், அப்புறம் குளோரினுக்கு கூட லேசுல சாகாது. லென்ஸ்ல ஒட்டிக்கிட்டு கருவிழியில இறங்கிருச்சுன்னா தாங்க முடியாத வலி, மாசக்கணக்குல சொட்டு மருந்து, முத்திப்போனா பார்வையே போகலாம். அபூர்வமா வர்ற நோய்தான், ஆனா வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க லென்ஸ் போடுறவங்க. அதனால ஓடைத்தண்ணி மட்டுமில்ல, பாட்டில் தண்ணியும் லென்ஸ்ல படக்கூடாது, எச்சியும் கூடாது. ஏரியில இறங்குறதுக்கு முன்னாடியே கழட்டிருங்க.

என்னைக் கேட்டா கேம்பிங்குக்கு டெய்லி டிஸ்போசபிள்தான் சரி. காலையில புதுசு, ராத்திரி தூக்கிப் போட்டுரலாம் (குப்பைப் பையில, காட்டுல இல்ல), லென்ஸ் ஊறப்போடுற கேஸைக் கழுவுற வேலையே இல்ல, தூசி விழுந்தாலும் வேற ஒண்ணு பிரிச்சுக்கலாம். தங்கச்சிக்கும் அன்னிக்கு அப்படித்தான் ஒண்ணு குடுத்தேன், ரெண்டு பேருக்கும் ஒரே பவர், ஒரே பிராண்டுங்கறதால குடுக்க முடிஞ்சது. மாசாந்திர லென்ஸ்தான்னா சொல்யூஷன் (லென்ஸைச் சுத்தம் பண்ணி கிருமியைக் கொல்ற திரவம்) அதோட சொந்த பாட்டில்லயே வரட்டும், சின்ன டப்பாவுல ஊத்தி எடுத்துட்டு வந்தா அது சுத்தமா இருக்கும்னு நம்ப முடியாது. சலைன்ங்கற உப்புக் கரைசல் வேற, சொல்யூஷன் வேற, சலைன் கிருமியைக் கொல்லாது.

கை விஷயத்துல நான் ரொம்ப கறார். சோப்பு போட்டு கழுவி, சுத்தமான துணியில ஈரமே இல்லாம துடைச்சப்புறம்தான் லென்ஸைத் தொடுவேன், ஈரக்கையோட தொட்டா அந்தத் தண்ணிதானே கண்ணுக்குள்ள போகுது. காலையில முதல்ல லென்ஸ், அப்புறம்தான் சன்ஸ்கிரீன், கொசு மருந்து. இது மாறிப்போச்சுன்னா கண்ணு எரிஞ்சு தள்ளிரும்.

ராத்திரி தீ மூட்டி பேசிக்கிட்டு இருந்துட்டு அப்படியே தூங்கிடத் தோணும், புகையில கண்ணு காஞ்சும் போயிருக்கும். லென்ஸோட மட்டும் தூங்காதீங்க. கருவிழிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காத்துல இருந்துதான் கிடைக்குது, இமை மூடி அதுக்குள்ள லென்ஸும் இருந்தா மூச்சு முட்டுற மாதிரிதான், லென்ஸோட தூங்குறவங்களுக்கு கருவிழித் தொற்று வர்ற வாய்ப்பு 6-லருந்து 8 மடங்கு வரைக்கும் அதிகம்னு சொல்றாங்க. இருட்டுறதுக்கு முன்னாடியே கழட்டி கண்ணாடிக்கு மாறிட்டா ரொம்ப நிம்மதி.

ஆமா, பவர் கண்ணாடி பையில கண்டிப்பா இருக்கணும். கண்ணு சிவந்து, வலிச்சு, வெளிச்சம் பார்த்தா கூசி, பார்வை மங்குச்சுன்னா உடனே லென்ஸைக் கழட்டிட்டு கண்ணாடியோட மலை இறங்கி டாக்டரைப் பாருங்க. கழட்டுன லென்ஸைத் தூக்கிப் போட்டுராதீங்க, என்ன கிருமின்னு டெஸ்ட் பண்ண அவருக்கு அது தேவைப்படலாம்.