இறால் வேண்டாம் என்று சொன்னால் போதாது

குளச்சலில் பிறந்து வளர்ந்த எனக்கு 31 வயதில் இறால் ஒத்துக்கொள்ளாமல் போனது. அதுவரை கூனி என்கிற பொடி இறாலில் அரைத்த சம்மந்தி (துவையல்) இல்லாமல் கஞ்சி இறங்காது. ஒரு நாள் இரவு இறால் தீயல் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து எனக்கு அரைக்கும் அம்மியை அம்மா தனியாக வைத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு மனைவியோடு பாங்காக் கிளம்பியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “மக்களே, அங்கேயும் கூனி இடிப்பார்களா?” அந்தக் கேள்வியை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். பேனா வடிவில் வரும் அட்ரினலின் ஊசி எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. மருத்துவர் ஆம்பியூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் குத்துவதற்கு மனைவியையும் பழக்கினார். தோலில் தடிப்பு மட்டும் என்றால் மாத்திரை. மூச்சு இழுத்தாலோ குரல் மாறினாலோ காத்திருக்காமல் ஊசி. அவர் தந்த கடிதத்தைத் திருவனந்தபுரம் விமான நிலையச் சோதனையில் காட்டினேன். ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார்கள்.

மொழிக்கு மட்டும் கைப்பேசியை நம்பினேன். ‘மாய் சாய் குங்’, இறால் போட வேண்டாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு முதல் நாள் இரவு கோழி கிரீன் கறி கேட்டேன். கிண்ணத்தில் ஒரு இறால்கூட இல்லை. நாலாவது கரண்டியில் உதடு குறுகுறுத்தது. கழுத்தில் தடிப்புகள் எழும்பின. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி சிரிஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் குரல் மாறுகிறதா என்று பார்க்க என்னைப் பேச வைத்துக்கொண்டே இருந்தாள். நல்லவேளை, தோலோடு அடங்கியது.

காலையில் விடுதி வரவேற்பறையில் இருந்த பெண்தான் விளக்கினார். சமையல்காரர் நான் கேட்டபடியே இறால் போடவில்லை. ஆனால் கறிக்கு அரைக்கும் விழுதிலேயே ‘கபி’ இருக்கிறது. இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த விழுது அது. சாம்பாரில் இருக்கும் பெருங்காயம் நமக்கு நினைவில் வராததுபோல, அவர்களுக்குக் கபி நினைவில் வருவதில்லை. வேகவைத்தாலும் இறாலின் ஒவ்வாமைப் புரதம் அழிவதில்லை.

அவர் ஒரு தாளில் தாய்லாந்து மொழியில் எழுதித் தந்தார். முதல் வரி ‘பே குங், பே பூ’: இறாலும் நண்டும் எனக்கு ஒவ்வாமை. ‘பே’ என்ற அந்தச் சொல்தான் என்னிடம் இல்லாமல் இருந்தது. அது இல்லாவிட்டால் பிடிக்காததைச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். அதன் கீழே கபி, உலர்ந்த இறால், சிப்பிச் சாறு, அதே வாணலி, அதே உரல் என்று ஒவ்வொன்றாக எழுதி, சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து என்று முடித்தார். ஓரத்தில் அவசர மருத்துவ எண் 1669.

மறுநாள் சந்தையில் பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் அம்மாளிடம் அந்தத் தாளை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு உரலைச் சாய்த்துக் காட்டினார். மரத்தின் கோடுகளுக்குள் இளஞ்சிவப்பாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எங்கள் வீட்டுக் கூனியின் அதே நிறம். “பே, பே” என்று தலையை அசைத்து, விற்க மறுத்துவிட்டார். வியாபாரத்தை விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றிய அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதோடு விடவில்லை. எதிர் வரிசையில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரிந்த கடைக்குத் தன் மகனை எங்களோடு அனுப்பினார். ‘ஜே’ உணவுக் கடை அது. இறைச்சி, மீன், கபி எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. அங்கேயும் தாளைக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சோறும் டோஃபு குழம்பும் வந்தன. முதல் கரண்டியை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தாவது கரண்டியில்தான் அவளும் சாப்பிடத் தொடங்கினாள்.