வேடம் கட்டுவதற்கு வயது உண்டா?

நுவரெலியாவில் வேலை செய்யும் என் தங்கை, ஒக்டோபர் 31 இரவு நண்பர்களோடு ஹலோவீன் கொண்டாடுவதற்காக எலும்புக்கூட்டு வேடம் போட்ட படத்தை அனுப்பியபோது, "முப்பது வயதில் இது தேவையா?" என்று சித்தப்பா கேட்டார். எங்கள் மலையகத் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடிக்காட்டும் காமன் கூத்தில் பல ஆண்டுகள் எமன் வேடம் கட்டியவர் அவர்.

மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் இரவு வரை, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசல்கள்தோறும் தப்புப் பறையின் ஓசைக்கு ஆடியவர்கள், பகலெல்லாம் மலையில் உழைத்த, பிள்ளைகுட்டிகள் உள்ள பெரியவர்கள்தாம். விரதமிருந்து மன்மதனின் மனைவி ரதியாக ஆடிய ஆணை ஒருவரும் கேலி செய்ததில்லை. அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிய பாட்டிமாரை நானே பார்த்திருக்கிறேன்.

ஹலோவீனும் கடையில் பிறந்ததன்று. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் ஆவிகள் உலவுவதாக நம்பிய மக்கள், டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினார்கள். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பின்னரே பூசணிக்காய் அதன் இடத்தைப் பிடித்தது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் தம் சடங்கையும் சுமந்து சென்ற கதை, தப்போடும் கூத்தோடும் இம்மலைகளுக்கு வந்த நமக்கு அந்நியமானதல்ல.

ஆகவே தங்கை வேடமிடட்டும் என்பதே என் கருத்து. எனக்குள்ள ஒரே வருத்தம், அவள் இதுவரை ஒருமுறைகூடக் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் விடியும்வரை விழித்திருந்ததில்லை என்பதுதான். வரும் மாசியில் அவளை அழைத்துவரச் சித்தப்பாவும் இசைந்திருக்கிறார்.