நோட்டுப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால்

என் வேதாகமத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கும். ஜெபக்குறிப்புகள். தம்பிக்கு வேலை, அம்மாவின் முழங்கால் வலி, வீட்டுக் கடன், பக்கத்து வீட்டு அக்காவின் பிரசவம் என்று வரிசையாக எழுதி, பதில் கிடைத்ததும் டிக் போடுவேன். காலையில் முழங்கால் போட்டவுடன் நோட்டைத் திறந்து மேலிருந்து கீழே சொல்லி முடித்து ஆமென். பல வருடம் இப்படித்தான் ஓடியது. ஜெபம் முடிந்து எழும்போது, உட்கார்ந்தபோது இருந்ததைவிட பாரம் கூடியிருக்கும், ஏன் என்று புரியவே இல்லை.

எங்கள் பாட்டியின் குடும்ப ஜெபம் அப்படி இருக்காது. ராத்திரி எட்டு மணிக்குப் பாயை விரித்து, முக்காடு போட்டுக்கொண்டு, "வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே, செங்கடலைப் பிளந்தவரே, வனாந்தரத்திலே மன்னா கொடுத்தவரே" என்று தொடங்கினால் நிறுத்தவே மாட்டார், நாங்கள் பிள்ளைகள் அதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவோம். கடைசியில், "பிள்ளைகள உம்ம கையில ஒப்புக்கொடுக்கிறேன் ஆண்டவரே" என்று ஒரே வரி. விண்ணப்பம் அவ்வளவுதான். தாத்தா இறந்த வாரத்திலும் அதே தொடக்கம்தான், குரல் மட்டும் உடைந்திருந்தது.

இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை நாம் ஞாயிறுதோறும் வேகமாகச் சொல்லிவிடுகிறோம், அதன் வரிசையைக் கவனிப்பதில்லை. அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம், இதெல்லாம் வந்த பிறகுதான் ஆகாரம் வருகிறது.

என்னை உண்மையில் அசைத்தது வேதாகமத்தில் அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரம். இயேசுவின் சீடர்களான பேதுருவையும் யோவானையும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் மிரட்டி அனுப்பிவிடுகிறது, இனி இயேசுவின் நாமத்தில் பேசக்கூடாது என்று. அவர்கள் வந்து சொன்னதும் சபையார் ஒருமனப்பட்டு ஜெபிக்கிறார்கள். அந்த நிலைமையில் நானாக இருந்தால் "காப்பாற்றும் ஆண்டவரே" என்றுதான் வாய் திறந்திருப்பேன். அவர்களோ, "கர்த்தாவே, நீர் வானத்தையும் பூமியையும் சமுத்திரத்தையும் அவைகளிலுள்ள யாவற்றையும் உண்டாக்கின தேவனாயிருக்கிறீர்" என்று தொடங்குகிறார்கள், சங்கீதம் 2-ஐ நினைவுகூருகிறார்கள், 29-ஆம் வசனத்தில்தான் விண்ணப்பம் வருகிறது. அப்போதும் மிரட்டுகிறவர்களை அகற்றும் என்று கேட்கவில்லை, வசனத்தைத் தைரியமாகச் சொல்ல அனுக்கிரகம் கேட்கிறார்கள். சமுத்திரத்தை உண்டாக்கினவரை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு ஆலோசனைச் சங்கம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்? துதி அவர்கள் கேட்ட காரியத்தையே மாற்றிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

துதித்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று இதைச் சட்டமாக்கிவிடவும் கூடாது. தண்ணீரில் அமிழ்ந்துபோகிறபோது பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டும்தான் கத்தினான், இயேசுவின் கை உடனே நீண்டது. சங்கீதம் 13 "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற கேள்வியோடு ஆரம்பித்துப் பாட்டில் முடிகிறது. அழுகை முதலில் வந்தால் அழுங்கள். அப்புறம், துதி கேட்டது கிடைப்பதற்கான முன்பணமும் இல்லை. அவர் செய்ததற்காகச் சொல்வது நன்றி, ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அவர் யார் என்பதற்காகச் சொல்வது ஆராதனை, இந்த இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, சொந்த வார்த்தை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அதனால் இப்போது ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து, நிற்கிற வசனத்தில் நின்றுவிடுகிறேன். 103, 145, 8, இவை தொடங்குகிறவர்களுக்கு நல்லவை.

இன்று காலை 145-இல் 16-ஆம் வசனம், "நீர் உமது கையைத் திறந்து" என்கிற இடம். அதைத் தாண்டவே முடியவில்லை. ஒரு காகம்கூட அந்தக் கையிலிருந்துதான் சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்தேன். தம்பியின் பெயருக்கு நேரே இன்னும் டிக் இல்லை, அவன் பெயரை இன்று அவசரமில்லாமல் சொன்னேன்.